ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘ஏ–டி–ஐ–ஓ–என்’ என்னும் கடைசிப் பெட்டி

சென்ற திங்கள், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத ஆங்கிலச் சொற்களைக் கண்டோம். ‘மலையாளம்’ என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 9 எழுத்துகள். எத்திசையிலிருந்து படித்தாலும் அது மலையாளமே. இதனைப் பள்ளிப் பிள்ளைகள் பலர் சிலேட்டிலும் நோட்டிலும் எழுதிப் பார்த்து மகிழ்ந்ததாக அறிந்தோம். ஆயின் மூணாறுப் பக்கத்துத் தாயார் ஒருவர் வேறொன்று கேட்டு எழுதியிருக்கிறார். “சிறிய சொற்களைப் பிள்ளை படித்துவிடுகிறான். பத்து எழுத்துக்கு மேற்பட்ட சொல் வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறான். என்ன செய்வது?” என்பது அவருடைய வினா. இத்திங்கள் அதற்கே விடை கூற முயல்வோம்.

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டியார் ஒருவர் இருந்தால், “உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?” என்று கேளுங்கள். “எனக்கேது அப்பா அதெல்லாம்” என்பார். அவரே அரை நாழிகைக்குள், “ரேஷன் வாங்கி வா, ஸ்டேஷனுக்கு நேரமாயிற்று, ரிசர்வேஷன் செய்தாயா?” என்று மூன்று ஆங்கிலச் சொற்களைத் தடையின்றிச் சொல்லிவிடுவார். அம்மூன்றின் வாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் ‘ஏ–டி–ஐ–ஓ–என்’ என்னும் ஐந்து எழுத்துகளில் அவை முடிகின்றன. நம் மக்களை அச்சுறுத்தும் நீண்ட சொற்களில் மிகப் பல இந்த வாலை உடையனவே. பாட்டியாருக்கே பழகிய வால் பேரனை ஏன் அச்சுறுத்த வேண்டும்?

ரயில்வேயில் பணியாற்றும் நமக்கு நீண்ட சொல் எதுவும் ஒரு வண்டித்தொடராகவே தோன்றுகிறது. வண்டியின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் ‘எக்ஸ்’ என்னும் பெருக்கல் குறி வரைந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது ஊழியர் அக்குறியைக் காண்பர். கண்டால், நடுவழியில் பெட்டி எதுவும் கழன்றுவிடாமல் வண்டி முழுமையாக வந்துவிட்டது என்று உறுதி கொள்வர். ‘ஏ–டி–ஐ–ஓ–என்’ என்பது சொல்லின் கடைசிப் பெட்டி. அது வந்தால், “இங்கே ஒரு செயல் பெயராகி நிற்கிறது” என்று அறியலாம். தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் விகுதி என்று படித்திருப்பீர்கள். ‘ஒதுக்கு’ என்பது ‘ஒதுக்கீடு’ ஆவதும், ‘பதி’ என்பது ‘பதிவு’ ஆவதும், ‘முயல்’ என்பது ‘முயற்சி’ ஆவதும் அவ்விகுதிகளாலன்றோ! அதே வேலையை ஆங்கிலத்தில் இந்த வால் செய்கிறது. லத்தீன் மொழியிலிருந்து வந்து சேர்ந்த வால் இது.

வால் தெரிந்தபின் செய்யவேண்டியது ஒன்றே. அதைக் கழற்றி வைத்துவிட்டு முன்னுள்ள பெட்டிகளைப் பார்க்கவேண்டும். பொருள் அங்கேதான் அமர்ந்திருக்கும்.

‘ஸ்டேஷன்’: 7 எழுத்து. ‘நிற்றல்’ என்னும் பொருள் கொண்ட லத்தீன் அடியிலிருந்து பிறந்தது. நாமும் ‘நில்’ என்னும் அடியிலிருந்தே ‘நிலையம்’ என்றோம். இரு மொழியும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இன்று இடுக்கி மாவட்டத்தில் ரயில் இல்லை. எனினும் மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 32 கி.மீ. தொலைவில், எல்லையோரத்தில், ‘டாப் ஸ்டேஷன்’ என்றே ஓர் இடத்திற்குப் பெயர். குண்டலைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. 1908-இல் அது குறுகிய ரயில்பாதையாயிற்று. 1924-இன் பெருவெள்ளத்தில் அழிந்தது. மலையேறி வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிப் போடி பக்கத்துக் கோட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கின. தண்டவாளம் போய் நூறாண்டு கடந்தும், ‘ஸ்டேஷன்’ என்னும் சொல் அங்கேயே நிற்கிறது.

‘ரேஷன்’: 6 எழுத்து. கணக்கு என்னும் பொருளுடைய அடி. கணக்கிட்டுப் பிரித்துக் கொடுக்கும் பங்கு என்பது பொருள்.

‘பிளான்டேஷன்’: 10 எழுத்து. நடுதல் என்னும் அடியிலிருந்து வந்தது; தோட்டம். நம்மிற் பலருடைய பாட்டன்மாரை மலைக்கு அழைத்து வந்த சொல் இது.

‘மைக்ரேஷன்’: 9 எழுத்து. இடம் பெயர்தல். இதன் முன்னே ‘ஈ’ என்னும் ஓர் எழுத்துப் பெட்டியைப் பூட்டினால், ஒரு நாட்டை விட்டு வெளியேறுதல். ‘ஐ–எம்’ என்னும் பெட்டியைப் பூட்டினால், ஒரு நாட்டினுள் குடிபுகுதல். ஆள் ஒருவரே, பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

இனி, நம் கவுண்டரில் நாள்தோறும் புழங்கும் இரு சொற்களைக் காண்போம்.

‘ரிசர்வேஷன்’: 11 எழுத்து. ‘பின்னே எடுத்துக் காத்து வைத்தல்’ என்பது சொற்பொருள். ஒருவருக்கென்று இடத்தைக் காத்து வைப்பது.

‘கேன்சலேஷன்’: 12 எழுத்து. இதன் கதை சுவையானது. லத்தீனில் குறுக்கும் நெடுக்குமான கிராதிக்கு வழங்கிய பெயர் இதன் அடி. பழங்காலத்து எழுத்தர், வேண்டாத வரிகளைக் குறுக்குக் கோடுகளால் அடித்தபோது அது கிராதிபோல் காட்சியளித்தது. அதனால் அடித்து நீக்குதலுக்கு இப்பெயர் வந்தது. நாமும் கம்பிக் கிராதிக்குப் பின்னே அமர்ந்துதான் ரத்துச் சீட்டுகளை வாங்குகிறோம்.

இவ்விரு சொற்களையும் ஒருசேரத் தாங்கிய ஒரு தொடர் உண்டு. அதன் சுருக்கமே ‘ஆர்.ஏ.சி.’ என்னும் மூன்றெழுத்து. அத்தொடரால் நேர்ந்த ஒன்றை இங்கே கூறுவது கடமையென்று கருதுகிறோம்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். நெல்லியாம்பதித் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். உடன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன். பெரியவர் கையில் ஒரு மஞ்சள் பை. முந்திய இரவு வண்டிக்கு எடுத்த சீட்டைக் கிராதிக்குள் நீட்டி, “வண்டியில் இடம் ரத்தாகிவிட்டது, ஐயா. பணத்தையாவது திருப்பித் தாருங்கள்” என்றார்.

சீட்டைப் பார்த்தோம். ஆர்.ஏ.சி. சீட்டு. பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் வந்திருந்தன. “பெரியவரே, உங்களுக்கு இடம் இருந்ததே! ஏன் ஏறவில்லை?” என்றோம்.

பையன் முந்திக்கொண்டான். “ஆர்.ஏ.சி. என்றால் என்னவென்று செல்பேசியில் பார்த்தேன், சார். கேன்சலேஷன் என்று போட்டிருந்தது. கேன்சலேஷன் என்றால் ரத்துதானே?”

பிழை அவன்மீது இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சரியாகவே அறிந்திருந்தான். இடையில் நின்ற ‘அகேன்ஸ்ட்’ என்னும் சொல்லை ‘எதிராக’ என்று கொண்டு, ‘ஒதுக்கீட்டுக்கு எதிராக ரத்து’ என்று தாத்தாவுக்குச் சொல்லிவிட்டான். உண்மையில் அச்சொல் இங்கே ‘அதனை எதிர்பார்த்து’ என்னும் பொருளில் நிற்கிறது. பிறர் ரத்து செய்யக்கூடும் என்பதை எதிர்பார்த்துத் தரப்படும் இடம் என்பதே முழுப்பொருள். ஆர்.ஏ.சி. சீட்டுடையவர் வண்டியில் ஏறலாம். அமர இடம் உண்டு. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்வர். பிறர் ரத்து செய்தால் முழுப்படுக்கையும் கிடைக்கும். ரத்தானது வேறெவருடைய சீட்டாகவோ இருக்குமேயன்றி, உங்களுடையது அன்று.

இதை விளக்கியபின், “எங்கே போக இருந்தீர்கள்?” என்று கேட்டோம்.

“காட்பாடிக்கு. தங்கை மகளுக்குக் கலியாணம். இன்றைக்கு ஒன்பது மணிக்கு முகூர்த்தம்” என்றார். மஞ்சள் பையில் இருந்தது தாய்மாமன் சீராக எடுத்த பட்டுப்புடவை.

அடுத்த வண்டியில் ஏறினாலும் பந்தல் பிரித்த பின்னரே போய்ச் சேர்ந்திருப்பார். பணமும் திரும்பக் கிடைக்க வழியில்லை, ஆர்.ஏ.சி. சீட்டை வண்டி புறப்படுவதற்கு 30 நிமிடம் முன்னதாக ரத்து செய்தால்தான் பணம் திரும்பும். “இரவே யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றோம். “இங்கிலீசு எழுத்து. நமக்கென்ன தெரியும், கேட்டால் சிரிப்பார்களோ என்று இருந்துவிட்டோம்” என்றார். வண்டி வந்ததையும் நின்றதையும் போனதையும் இருவரும் நடைமேடையில் அமர்ந்து பார்த்திருக்கின்றனர்.

தாய்மாமன் இல்லாமல் அம்மணம் நடந்தேறியது. அன்று முதல் இந்த வாலுடைய சொற்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம் ஆங்கிலப் புலவர் அல்லேம். அகராதியைப் புரட்டிச் சேர்த்தவையே இவை. தோட்டத்துக் காகிதங்களிலும் அலுவலகத்துப் படிவங்களிலும் அடிக்கடி எதிர்ப்படும் சிலவற்றைக் கீழே தருகிறோம்.

‘காம்பன்சேஷன்’: 12 எழுத்து. இழப்பீடு. ‘ஒன்றோடொன்று வைத்து நிறுத்தல்’ என்பது அடிப்பொருள். இழந்ததை ஒரு தட்டிலும் தருவதை மறு தட்டிலும் வைத்துச் சமன் செய்வது. நாள்தோறும் கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்க்க அவர்கள் அறிவார்கள். ‘பென்ஷன்’ என்பதும் இதே தராசிலிருந்து பிறந்த உறவுச் சொல்லே. ஆனால் அதன் வால் ‘எஸ்–ஐ–ஓ–என்’, எழுதும்போது மயங்கற்க.

‘வெரிஃபிகேஷன்’: 12 எழுத்து. உண்மை என்னும் அடி. சரிபார்ப்பு. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தால் அச்சம் வேண்டா. மூலச் சான்றிதழ்களுடன் செல்க.

‘ஐடென்டிஃபிகேஷன்’: 14 எழுத்து. ‘அதுவே’ என்னும் அடி. இன்னார் இவரே என்று அறிதல்; அடையாளம் காணல்.

‘அட்டஸ்டேஷன்’: 11 எழுத்து. சாட்சி என்னும் அடி. சான்றொப்பம்.

‘நாமினேஷன்’: 10 எழுத்து. பெயர் என்னும் அடி. சேமநிதிப் படிவத்தில், நமக்குப்பின் தொகை யாருக்குச் சேரவேண்டும் என்று பெயர் குறித்தல். இச்சொல் உள்ள கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் பின்னர் குடும்பத்தார் அலையநேரும்.

‘வேக்சினேஷன்’: 11 எழுத்து. பசு என்னும் அடி! எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796-இல் பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தமையால் வந்த பெயர். தடுப்பூசி.

‘ரெகுலரைசேஷன்’: 14 எழுத்து. அளவுகோல் என்னும் அடி. தற்காலிகப் பணியாளரை முறைப்படி நிலையாக்குதல்.

‘சூப்பரானுவேஷன்’: 14 எழுத்து. ‘ஆண்டுக்கு மேற்பட்டது’ என்பது அடிப்பொருள். வயது நிறைந்து ஓய்வு பெறுதல். இது தண்டனையன்று.

‘ரீஹாபிலிடேஷன்’: 14 எழுத்து. ‘மீண்டும் தகுதியாக்குதல்’ என்பது அடிப்பொருள். மறுவாழ்வு. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத்து லயங்களை மூடியது. நம் மக்கள் 70 பேர் மாண்டனர். ஒரு வீடு தருவதோடு இச்சொல்லின் பொருள் முடிந்துவிடுவதில்லை. மீண்டும் வாழத் தகுதியாக்குவதே மறுவாழ்வு என்பதை அடிச்சொல்லே கூறுகிறது. மனு எழுதுவோர் இதை நினைவிற் கொள்வாராக.

‘ரீஆர்கனைசேஷன்’: இதுவும் 14 எழுத்து. ‘மீண்டும்’, ‘உறுப்பு’, ‘ஆக்கு’, கடைசியில் வால் என நான்கு பெட்டிகள் கோத்த வண்டி. சீரமைப்பு. நம் வரலாற்றை மாற்றிய சொல் இது. 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில், குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோரைக் கொண்டு அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பெயரில் நின்றது இச்சொல். அவ்வாணையம் 1955-இல் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் முதல் நாள் புதிய மாநிலங்கள் பிறந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும் கேரளத்தில் சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்திற்குச் சென்றன. வீடு மாறாமல், வாசல் மாறாமல், நம் முன்னோர் எல்லைக்கு இப்பால் உள்ளவர் ஆயினர். தம் முகவரியை மாற்றிய அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அன்று அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பர்!

நிற்க. எழுதும் முறையையும் சிறிது கூறிவிடுவோம். வாலைக் கழற்றியபின் எஞ்சுவதை மூவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, ‘ரிசர்வ்’ போல ‘ஈ’யில் முடியும் வினைச்சொல், அந்த ‘ஈ’ நீங்கி வால் சேரும். இரண்டு, ‘காம்பன்சேட்’ போல ‘ஏ–டி–ஈ’யில் முடிவது, கடைசி ‘ஈ’ மட்டும் நீங்கி ‘ஐ–ஓ–என்’ சேரும். மூன்று, ‘வெரிஃபை’ போல ‘எஃப்–ஒய்’யில் முடிவது, ‘ஒய்’ நீங்கி ‘ஐ–சி’ புகுந்து வால் சேரும். ஒரே ஓர் எச்சரிக்கை: உச்சரித்தல் என்னும் பொருளுடைய ‘ப்ரொனவுன்ஸ்’ என்பதில் இரண்டு ‘ஓ’ உண்டு, அதன் பெயராகிய ‘ப்ரொனன்சியேஷன்’ என்பதில், வாலுக்கு முன்னே, ஒரே ‘ஓ’தான். படித்தவரும் வழுக்கி விழும் இடம் இது.

இத்துணையும் கண்டோர்க்கு இனி எச்சொல்லும் பெரிதன்று. ஆங்கிலத்தின் மிக நீண்ட சொற்களுள் ஒன்றையும் பார்த்துவிடுவோம். 2018 அக்டோபரில் சசி தரூர் தம் புதிய நூலைப் பற்றி அறிவிக்கையில் ஒரு சொல்லைக் கையாண்டார்; நாடெங்கும் அகராதியைத் தேடினர். லண்டனில் பிறந்தவராயினும் அவருடைய குடும்பம் நம் பாலக்காட்டைச் சேர்ந்தது. அச்சொல் ‘ஃப்ளாக்சி–நாசி–நிஹிலி–பிலி–ஃபிகேஷன்’. எழுத்துகள் 29. மலைக்கவேண்டா, கடைசிப் பெட்டியைப் பாருங்கள், அதே ‘ஏ–டி–ஐ–ஓ–என்’. அதைக் கழற்றுங்கள். முன்னே நான்கு லத்தீன் பெட்டிகள்: கம்பளித் துணுக்கு, அற்பப்பொருள், ஒன்றுமில்லாதது, ஒரு மயிர். நான்கும் மதிப்பில்லாதவற்றின் பெயர்கள். அவற்றின் பின்னே ‘ஆக்குதல்’. ஆக, ஒன்றை மதிப்பற்றதென்று தள்ளுதல் என்பது முழுப்பொருள். தமிழில் ‘துரும்பாக மதித்தல்’ என்று இரண்டே சொல்லில் கூறிவிடுகிறோம்.

இச்சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டபோது அந்தப் பெரியவர் நினைவே வந்தது. அன்றிரவு அவரை எவரும் சிரிக்கவில்லை; எவரும் துரும்பாக மதிக்கவில்லை. “கேட்டால் சிரிப்பார்கள்” என்று தம்மைத் தாமே அவ்வாறு மதித்துக்கொண்டார். நாற்பது ஆண்டு மலைச்சரிவில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர், 12 எழுத்துச் சொல் ஒன்றின் முன் வாய் திறக்க அஞ்சினார். கிராதிக்கு இப்பால் அமர்ந்திருக்கும் நாமும் ஒரு காலத்தில் அச்சொற்களை அறியாதவர்களே. அறியாதது குற்றமன்று, கேளாதிருப்பதே நட்டம். எந்தக் கவுண்டரிலும், எந்த அலுவலகத்திலும், “இதற்கு என்ன பொருள்?” என்று கேளுங்கள். விளக்கவேண்டியது அமர்ந்திருப்பவர் கடமை.

அந்தப் பேரன் இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற வாரம் கவுண்டருக்கு வந்து, காட்பாடிக்கு இரண்டு சீட்டுக் கேட்டான். தங்கை மகளுக்கு வளைகாப்பாம். ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. “பரவாயில்லை சார், உட்கார இடம் உண்டு” என்றான்.

இத்திங்கள் பயிற்சி: ‘எக்ஸாமினேஷன்’, ‘அப்ளிகேஷன்’, ‘நோட்டிஃபிகேஷன்’, ‘டொனேஷன்’ ஆகிய நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துகளை எண்ணி, வாலைக் கழற்றி, வினைச்சொல்லையும் தமிழ்ப்பொருளையும் குறித்து இளைஞர்கள் சங்கத்திற்கு அனுப்பலாம். மூணாற்றுத் தாயாரின் மகனுடைய விடையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம். அடுத்த திங்கள், ஒலிக்காத எழுத்துகளை உடைய சொற்களோடு சந்திப்போம்.